மானியமா, வட்டிக் குறைப்பா, தேய்மானமா? மஞ்சி மில்லுக்காரங்க கேட்ட கேள்விக்கு என் கணக்கு

தமிழ்நாடு-கேரளா எல்லைல கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் நம்ம மஞ்சி மில்லு, அதாவது தேங்கா மட்டைல நார் எடுக்கற மில்லு, அந்தப் பக்கம் கேரளால கொழிஞ்சாம்பாறைல மாமாவோட எண்ணெய் மில்லு. வண்டி எடுத்தா கொஞ்ச நேரத்துல போயிடலாம், ஆனா கரண்ட் போர்டு வேற, பொல்யூஷன் போர்டு வேற, மானியம் தர்ற ஆபீஸும் வேற.

இந்த ஒரு மாசத்துல மூணு பேரு என்கிட்ட ஒரே கேள்விய கேட்டுட்டாங்க. ஆனைமலைல மச்சான் ஒருத்தன், நெகமத்துல இருந்து நார் எடுக்கற பார்ட்டி ஒருத்தர், அப்பறம் மாமா. "கையில பதினஞ்சு லட்சம் இருக்குது, மிச்சத்துக்கு லோன் போட்டுக்கலாம், சோலார் போடறதா, பழைய மோட்டாரை மாத்தறதா, பித் (நார் எடுத்தப்பறம் மிஞ்சற மட்டைத் தூளு) கழுவற தண்ணிய திருப்பி எடுக்க டேங்க் கட்டறதா, எதுக்கு கவர்மெண்ட் ஜாஸ்தி தருதுன்னு சொல்லு, அதையே பண்ணிப் போடலாம்."

கேள்வி அங்கயே கோணலாயிடுதுங்க. எதுக்கு ஜாஸ்தி தர்றாங்கன்னு பாத்து மிஷின் வாங்கினவன் நான், அந்தக் கதைய கீழ சொல்றேன். கவர்மெண்ட் காசு நம்ம மாதிரி சின்ன யூனிட்டுக்கு வர்றதுக்கு பெருசா நாலு வழி இருக்குது. மூலதன மானியம், வட்டிக் குறைப்பு, வருமான வரில தேய்மானம் (மிஷின் விலைய வருஷா வருஷம் செலவா எழுதிக் கழிக்கறது), அப்பறம் நாம பைசா போடாம வேற கம்பெனி வந்து நம்ம கூரைல போடற சோலார். எந்த மிஷினுக்கு எவ்வளவுங்கறத விட, இந்த நாலுல எந்த வழி நம்ம கல்லாப் பெட்டிக்கு ஒத்து வரும்ங்கறதுதான் முதல்ல பாக்கோணும்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், 2024 பிப்ரவரில ஆரம்பிச்ச பிஎம் சூர்யகர்ல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா தர்றாங்களே, அது வீட்டுக்கு மட்டும்தான். மில்லு கூரைக்கு ஒரு பைசா கிடையாது. "உங்களுக்கும் வாங்கித் தர்றேன்"னு ஏஜெண்ட் யாராச்சும் வந்தா டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சிடுங்க.

## எத வெச்சு எடை போடறது

நான் நாலு விஷயம் பாக்கறேன்.

காசு எப்ப கைக்கு வருது, அது முதல். எவ்வளவு வருதுங்கறது ரெண்டாவதுதான். மட்டை லோடுக்கு ரொக்கம் குடுத்து எடுத்து, நார் அனுப்பிட்டு ரெண்டு மாசம் காத்துக் கிடக்கற தொழில்ல, ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற ஆறு லட்சமும் இன்னிக்கு வர்ற மூணு லட்சமும் ஒண்ணாத்தான் படும்.

அடுத்தது யாரு யாரு கையெழுத்து வேணும். மூணாவது, என் சைஸுக்கும் என் கணக்கு வழக்குக்கும் அது பொருந்துமா. பேப்பர்ல பெருசா தெரியற சலுகை நம்ம ஐடி ரிட்டர்ன் போடற விதத்துனாலயே பூஜ்யம் ஆயிடும், தேய்மானத்துல அத காட்டறேன். நாலாவது, ரூலு மாறினா என்ன ஆகும். மாறும்ங்க, மாறாம இருந்ததே இல்ல. சோலார் சாமானுக்கு ஜிஎஸ்டி 5% இருந்தது, 2021 அக்டோபர்ல 12% ஆச்சு, 2025 செப்டம்பர் 22-ல மறுபடி 5% ஆச்சு. நடுவுல போட்டவன் தலைல துண்டு.

## மூலதன மானியம்: தொகை பெருசு, வர்றது மெதுவு

நம்ம தமிழ்நாட்டுப் பக்கம் மாவட்டத் தொழில் மையம் வழியா வர்றது இது. மிஷினரி மதிப்புல 25%, உச்சவரம்பு 1.5 கோடி. மைக்ரோ யூனிட்டா இருந்தா எந்த ஊரா இருந்தாலும் கேக்கலாம், சின்ன நடுத்தர யூனிட்டுக்கு பின்தங்கிய ஒன்றியமா, முன்னுரிமைத் தொழிலான்னு பாப்பாங்க. இதுக்கு மேல சுற்றுச்சூழலுக்கு நல்ல மிஷினரி போட்டா கூடுதலா ஒரு 25% இருக்குது, அதுக்கு உச்சவரம்பு சின்னது, பொல்யூஷன் போர்டு சர்டிபிகேட்டும் வேணும். பித் கழுவற தண்ணிய தேக்கி தெளிய வெச்சு மறுபடி ஓட்டற செட்டப்புக்கு நான் இதத்தான் முதல்ல விசாரிக்கச் சொல்லுவேன்.

இன்னொண்ணு பீஸ் திட்டம்னு சொல்லுவாங்க, கரண்ட் மிச்சம் பண்றதுக்கானது. எனர்ஜி ஆடிட் (எங்க கரண்ட் வீணாகுதுன்னு ஆள் வந்து அளந்து சொல்றது) செலவுல 75% திருப்பித் தர்றாங்க, ஒரு லட்சம் வரைக்கும். ஆடிட்ல சொன்ன மிஷின வாங்கினா அதுலயும் 25%. இந்த திட்டத்த நம்ம ஊர்ல ரொம்ப பேரு கண்டுக்கறதில்ல, சோலார் மாதிரி கூரைல மின்னாதுல்ல, அதான். ஆனா கணக்கப் பாருங்க. நாலு தடவ ரீவைண்டிங் பண்ணின 50 எச்பி மோட்டார் எஃபிஷியன்சி 88%-க்கு வந்துருக்குதுன்னு வைங்க, புது ஐஇ3 மோட்டார் (கரண்ட் கம்மியா இழுக்கற ரகம்) 94% பக்கம் தரும். முக்கால் லோடுல ஓடினா மணிக்கு 2 யூனிட் மிச்சம். நாளைக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாளு, யூனிட்டுக்கு எட்டேகால் ரூபான்னு போட்டா ஒரே மோட்டார்ல நாப்பதாயிரம் ரூபா பக்கம் வருது. டிஃபைபர்ல (மட்டைல நார் பிரிக்கற மிஷின்) ஒண்ணு, கிரஷர்ல ஒண்ணுன்னு எண்ணிக்கோங்க. மோட்டார் கருகினதும் உடனே ரீவைண்டிங் கடைக்கு தூக்கிட்டுப் போறோமே, அந்தப் பழக்கத்துக்கு நாம குடுக்கற வாடகைதான் இந்த நாப்பதாயிரம்.

இப்ப மறைஞ்ச செலவு. மானியம்னா நீங்க முழுக் காசயும் போட்டு, மிஷின் ஓட்டி, பில்லு, பேங்க் ஸ்டேட்மெண்ட், போட்டோ எல்லாம் குடுத்து, ஆள் வந்து பாத்துட்டுப் போன பின்னாடி வர்றது. முன்பணம்னு நெனைச்சு பட்ஜெட் போட்டா மாட்டிக்குவீங்க. செகண்ட் ஹேண்ட் மிஷினுக்கு கிடையாது, நம்ம தொழில்ல பாதி மிஷின் கை மாறி வர்றதுதான். பீஸ் திட்டத்துல ஆடிட் முன்னாடி, வாங்கறது பின்னாடி, இத மாத்திப் பண்ணிட்டு வந்து நின்னா ஒண்ணும் நடக்காது.

என் கதை இதுதான். பிளாக் பிரஸ்ஸும் கூட சில மிஷினும் ஒண்ணா வாங்கினேன், ஆறு லட்சம் மானியம் சாங்ஷன் ஆச்சு, லெட்டரும் வந்துது, அம்மா அத சாமி படத்துக்குக் கீழ வெச்சு கும்பிட்டாங்க. காசு வந்தது 26 மாசம் கழிச்சு. ஒவ்வொரு தடவ போறப்பவும் "ஃபண்டு வரலைங்க, லிஸ்ட்ல இருக்கீங்க"ன்னு ஒரே பதில். அந்த ஆறு லட்சத்துக்கு பேங்க்ல 11% ஓடிட்டு இருந்துது, கூட்டிப் பாத்தா 1,43,000 ரூபா. அப்ப எனக்கு மானியம் ஆறு இல்லைங்க, நாலரை. அலைஞ்ச டீசலும் வேலைய விட்டுப் போன நாளும் இதுல சேக்கல. இதுல கொடுமை என்னன்னா, கூட வாங்கின மிஷின்ல ஒண்ணு என் மில்லுக்கு தேவையே இல்ல, மானியம் சேந்து வருதுன்னு வாங்கினது. இப்ப அது மேல தார்ப்பாய் போட்டு கோழி அடை காக்குது.

அதனால மூலதன மானியம் யாருக்கு சரின்னா, மானியமே வரலைன்னாலும் இந்த மிஷின நான் வாங்கியே தீரோணும்னு இருக்கறவங்களுக்கு. வந்தா லாபம், லேட்டானா முழுகிப் போகாதுங்கற நெலமைல இருக்கறவங்களுக்கு.

மாமா பக்கம் கேரளால ஈஎஸ்எஸ்னு ஒரு திட்டம், 15%-ல ஆரம்பிக்குது, பெண்கள், இளைஞர்கள், எஸ்சி எஸ்டிக்கு அதுக்கு மேல. பர்சண்டேஜ் நம்மள விட கம்மி தெரியுதேன்னு மாமா பொருமினாரு. நான் சொன்னேன், மாமா, அத்தை பேர்ல யூனிட் இருந்தா கணக்கே வேறயாச்சேன்னு. அதுக்கு அவரு பேச்ச மாத்திட்டாரு.

## வட்டிக் குறைப்பு: சின்னதுதான், ஆனா மாசா மாசம் தெரியும்

எம்எஸ்இ கிஃப்ட்னு மத்திய அரசு திட்டம் ஒண்ணு 2023 கடைசில வந்துது, சிட்பிங்கற சிறுதொழில் வளர்ச்சி வங்கி வழியா நடக்குது. மைக்ரோ, சிறு யூனிட் பசுமைத் தொழில்நுட்பத்துக்கு வாங்கற 2 கோடி வரைக்குமான டெர்ம் லோனுக்கு வருஷம் 2% வட்டி குறையும், அஞ்சு வருஷத்துக்கு. கூட 75% கிரெடிட் கேரண்டி, அதாவது நாம கட்டாமப் போனா பேங்குக்கு அந்த அளவுக்கு திட்டமே ஈடு கட்டும். உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கோணும்.

2% தானான்னு மச்சான் மூஞ்சியச் சுளிச்சான். 20 லட்சம் லோன், அஞ்சு வருஷம், 11% வட்டின்னா ஈஎம்ஐ 43,500 பக்கம். 9% ஆனா 41,500. மாசம் ரெண்டாயிரம், அஞ்சு வருஷத்துல 1,18,000. மேல என் ஆறு லட்சக் கதைல நான் வட்டியா விட்டது 1,43,000, ஞாபகம் இருக்கட்டும்.

என்னைக் கேட்டா இங்க பெரிய விஷயம் அந்த 2% இல்ல, கேரண்டிதான். ஏன்னா நம்மாளுங்க காட்டையும் தோப்பையும் அடமானம் வெக்காம லோன் வாங்கினதே கிடையாது. தோப்பு பத்திரம் வீட்டு பீரோல இருந்தா ராத்திரி தூக்கம் வரும், அதுக்கு எந்த எக்செல் ஷீட்லயும் காலம் கிடையாது.

இன்னொண்ணு அடீட்டினு சொல்றாங்க, 2025 ஜூலைல ஆரம்பிச்சது, ஆயிரம் கோடி திட்டம். மைக்ரோ, சிறு யூனிட்டுக்கு 5%, நடுத்தரத்துக்கு 3% வட்டிக் குறைப்பு. மிஷின் மாத்தினா கரண்ட்டோ எரிபொருளோ குறைஞ்சது 10% மிச்சமாகோணும்ங்கறது கண்டிஷன். 14 தொழிலுக்கு மட்டும், செங்கல், ஃபவுண்டரி, ஜவுளி, தோல், உணவுப் பதப்படுத்தல் இப்படி. மஞ்சி மில்லு பேரு அதுல இல்ல. ஆனா எண்ணெய் மில்லு, தேங்காப் பவுடர் கம்பெனி வெச்சிருக்கறவங்க உணவுப் பதப்படுத்தல்ல வர முடியுமான்னு கேட்டுப் பாக்கலாம், மாமாவுக்கு நான் சொன்னது இதத்தான். மத்திய திட்டம்ங்கறதால எல்லைக்கு எந்தப் பக்கம்னு தொந்தரவு கிடையாது, மொத கட்டத்துல 60 கிளஸ்டர்னு எடுத்திருக்காங்க, நம்ம ஏரியா வருதான்னு மட்டும் பாத்துக்கோணும்.

மறைஞ்ச செலவு இங்கயும் இருக்குது. கேரண்டிக்கு வருஷா வருஷம் ஒரு ஃபீஸ், பிராசசிங் சார்ஜ், பேங்க் தலைல கட்டற இன்சூரன்ஸ், இதெல்லாம் கழிச்சா 2%-ல எவ்வளவு மிஞ்சுதுன்னு பாக்கோணும். தவணை தள்ளிப் போயி அக்கவுண்ட் கெட்டுட்டா சலுகையும் போச்சு. பெரிய தலைவலி என்னன்னா பிராஞ்ச்ல இருக்கறவங்க பாதிப் பேருக்கு திட்டத்து பேரே தெரியல. நான் ஒரு பேங்க்ல கேட்டப்ப அந்தப் பையன் கிஃப்ட்னா தீபாவளி ஆஃபரான்னு கேட்டான், கிண்டல் இல்லைங்க, நிஜமாவே கேட்டான். திட்டத்தோட கைட்லைன்ஸ பிரிண்ட் எடுத்துட்டுப் போயி டேபிள்ல வெச்சுட்டு பேசுங்க.

## தேய்மானம்: ஆபீஸே ஏறி இறங்க வேண்டாம், ஆனா லாபம் காட்டோணும்

இது கொஞ்சம் நீளமா சொல்லோணும், ஏன்னா இதுல ஏமாந்தவங்கதான் அதிகம்.

சோலாருக்கு வருமான வரில 40% தேய்மானம், சாதா மிஷினுக்கு 15% தான். 50 கிலோவாட் சோலார், ஜிஎஸ்டி போக 24 லட்சம்னு ஒரு கணக்குக்கு வைங்க. மொத வருஷம் 9.6 லட்சம் செலவுன்னு எழுதலாம், அடுத்த வருஷம் மிச்சத்துல 40% அதாவது 5.76, மூணாவது வருஷம் 3.46. நீங்க 30% வரி கட்டறவங்களா இருந்தா மூணு வருஷத்துல 5.6 லட்சம் வரி மிச்சம். கையெழுத்து யாரு கிட்டயும் வேண்டாம், ஆடிட்டர் எழுதினாப் போதும், அந்த வருஷ வரிலயே கழிஞ்சிடும். என் நாலு அளவுகோல்ல மொத ரெண்டுக்கும் இத அடிச்சுக்க ஆளில்ல.

ஆனா மூணாவதுல வந்து முட்டிக்குது. மொதல்ல, 30% வரி கட்டறீங்களா? சின்ன மில்லு ரொம்ப பேரு 44ஏடி போடறாங்க, அதாவது கணக்குப் புஸ்தகமே வேண்டாம், வரவுல 6% இல்லைன்னா 8% லாபம்னு எழுதி முடிச்சிடறது. அதுல தேய்மானம் ஏற்கனவே கழிச்சதா அர்த்தம், தனியா ஒரு ரூபா கேக்க முடியாது. நெகமத்து பார்ட்டி இத கேட்டதும் ஒரு நிமிஷம் பேசவே இல்ல. சோலார் கம்பெனிக்காரன் குடுத்த பேப்பர்ல "மூணு வருஷத்துல வரிச் சேமிப்பு"ன்னு பச்சைக் கலர்ல போட்டிருந்துதாம், அவரு ஆறு வருஷமா 44ஏடி.

ரெண்டாவது, 180 நாளுக்குக் கம்மியா ஓடினா மொத வருஷம் பாதித் தேய்மானம்தான். மார்ச் 31-க்குள்ள போட்டுடலாம்னு அவசரமா போடறவங்களுக்கு 40 இல்ல, 20. மூணாவது, மானியம் வாங்கினா அந்தத் தொகைய சொத்து மதிப்புல கழிச்சிட்டுத்தான் தேய்மானம் கணக்கு. ரெண்டு பக்கமும் முழுசா வாங்கற மாதிரி யாராச்சும் கணக்குப் போட்டுக் காட்டினா தப்பு. நாலாவது, புது மிஷினுக்கு மொத வருஷம் தர்ற கூடுதல் 20% தேய்மானம் புது வரி முறைல போனவங்களுக்கு இல்ல.

இந்தத் தேய்மானம் என்ன பண்ணும்னு பாக்கோணும்னா நம்ம ஊருக்கு வெளிய போயி நின்னாப் போதும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து, உடுமலைப் பக்கம் காத்தாடியா நிக்குது. அதுல எத்தன காத்தாடி கரண்டுக்காக நட்டது, எத்தன வரிக்காக நட்டது? அப்ப காத்தாடிக்கு 80% தேய்மானம், மில்லு ஓனருங்க மார்ச் மாசம் ஆச்சுன்னா போட்டி போட்டு நட்டாங்க. 2012 ஏப்ரல்ல அத எடுத்தாங்க. 2011-12-ல நாடு முழுக்க 3,000 மெகாவாட்டுக்கு மேல புதுசா ஏறினது, அடுத்த வருஷம் 1,700 பக்கம் விழுந்துது. அப்பறம் 2014-ல திருப்பிக் குடுத்தாங்க, 2017 ஏப்ரல்ல இருந்து 40%-க்கு மேல யாருக்கும் கிடையாதுன்னுட்டாங்க, சோலாரும் அதுல சேந்துது.

அதே காலத்துல ஓடின கரண்டுக்கு யூனிட்டுக்கு 50 பைசா தர்ற திட்டம் ஒண்ணும் இருந்துது, 2009 டிசம்பர்ல வந்தது. நட்டதுக்கு ஒரு காசு, ஓட்டினதுக்கு ஒரு காசு, எது வேணும்னாங்க. வரி கட்டறவங்க நட்டதுக்கு வாங்கினாங்க. காத்தாடி நின்னு போனாலும் அவங்க கணக்கு ஏற்கனவே முடிஞ்சிருந்துது. நாம கரண்ட் பில்லக் குறைக்க போடறவங்க, நமக்கு ஓடினாத்தான் காசு. அதனால தேய்மானத்த ஒரு ஓரமா வெச்சுட்டு, அது இல்லாமயே எத்தன வருஷத்துல போட்ட காசு திரும்புதுன்னு பாருங்க.

அதுக்கு ரெண்டு விஷயம் தெரியோணும். நம்ம இண்டஸ்ட்ரி கனெக்ஷனுக்கு வீட்டு மாதிரி யூனிட்டுக்கு யூனிட் கழிக்கிற நெட் மீட்டரிங் கிடையாது. நாம பகல்ல ஓட்டினது போக வெளிய போற யூனிட்டுக்கு போர்டு தர்றது குறைஞ்ச ரேட்டு. மட்டை இல்லாம மில்லு நின்னா அத்தனையும் அந்த ரேட்டுக்குப் போகும். கூட நெட்வொர்க் சார்ஜ்னு ஒண்ணு, 2021-ல வந்துது, சிறுதொழில் சங்கங்க 2023-ல கதவடைப்பு பண்ணின பின்னாடி பாதியாக் குறைச்சாங்க. கடைசியா வந்த உத்தரவு என்னன்னு பாத்துட்டு கணக்குப் போடுங்க.

ரெண்டாவது எந்தக் கொட்டேஷன்லயும் இருக்காது. பித் தூசி. எங்க மில்லுல பேனல் போட்ட மொத மாசம் நல்லா ஓடுச்சு, ரெண்டாவது மாசம் யூனிட் குறையுது. மேல ஏறிப் பாத்தா பழுப்பு கலர்ல பவுடர் பூசின மாதிரி இருக்குது, விரலால இழுத்தா கோடு விழுது. ஆடிச் சாரல் லேசாப் பட்டதும் அது கழுவிப் போகும்னு நெனைச்சேன், போகல, காஞ்சதும் பலகாரத்து மேல மாவு ஒட்டின மாதிரி கெட்டியா ஒட்டிக்கிச்சு. இப்ப பத்து நாளைக்கு ஒரு தடவ விடியக்காலைல, கண்ணாடி சூடாகறதுக்கு முன்னாடி, நல்ல தண்ணி விட்டு துணி மோப்புல தொடைக்க ஒரு ஆளு. போர் தண்ணி விட்டா உப்புக் கறை நிக்குது. அந்த ஆளு கூலியும் தண்ணியும் யாரும் கணக்குல சேக்க மாட்டாங்க. சல்லடை இருக்கற பக்கம் பாத்து பேனல் வெக்காதீங்க, காத்து மேக்கால இருந்து வர்ற ஊரு நம்முளுது.

## அடுத்த கம்பெனி போடற சோலார்

நம்ம கூரை, அவங்க பேனல், ஓடற யூனிட்டுக்கு பேசின ரேட்டு. தேய்மானம் அவங்களுக்கு, அலைச்சலும் அவங்களுக்கு. 44ஏடி போடறவங்களுக்கு, லோன் எடுக்க முடியாதவங்களுக்கு கேக்க நல்லாத்தான் இருக்குது.

ஆனா ஒப்பந்தம் 15 வருஷம், 25 வருஷம்னு போகும். நடுவுல மில்லு விக்கோணும்னா, கூரை மாத்தோணும்னா, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கோணும்னா அந்த பேப்பர் குறுக்க நிக்கும். வருஷா வருஷம் ரேட்டு ஏத்தற ஷரத்து, நீங்க குறைஞ்சது இவ்வளவு யூனிட் எடுத்தே தீரோணும்ங்கற ஷரத்து, இந்த ரெண்டயும் தேடிப் படிங்க. மட்டைத் தட்டுப்பாட்டுல மாசக் கணக்கா நிக்கற தொழிலுக்கு ரெண்டாவது ஷரத்து கழுத்துக்குச் சுருக்கு. பெரிய கோல்டு ஸ்டோரேஜ், ஸ்பின்னிங் மில்லு, வருஷம் முழுக்க ஓடறவங்களுக்கு இது சரி. 50 கிலோவாட்டுக்கு எவனும் அவ்வளவு ஆசையா வர மாட்டான்ங்கறது தனி.

## ஒரு பார்வைல

| வழி | காசு எப்ப | யாரு கிட்ட அலையோணும் | எங்க அடிக்கும் |
|---|---|---|---|
| மூலதன மானியம் | மிஷின் ஓடி, இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சு, ஃபண்டு வந்தப்பறம் | தொழில் மையம், சிலதுக்கு பொல்யூஷன் போர்டும் | காத்திருக்கற வட்டி, தேவையில்லாத மிஷின் |
| வட்டிக் குறைப்பு | தவணைக் கணக்குல, கொஞ்சம் கொஞ்சமா | பேங்க் | கேரண்டி ஃபீஸ், இன்சூரன்ஸ், தவணை தப்பினா போச்சு |
| தேய்மானம் | அந்த வருஷ வரில | ஆடிட்டர் மட்டும் | 44ஏடி, லாபம் கம்மி, 180 நாள் |
| அடுத்தவங்க சோலார் | மொத மாச பில்லுல | கம்பெனி | நீள ஒப்பந்தம், குறைஞ்சபட்ச யூனிட் |

## மானியமே கிடைக்காத முதலீடு ஒண்ணு

மானியம் தர்ற அதே கவர்மெண்ட்தான் நோட்டீசும் அனுப்புது. பொல்யூஷன் போர்டு மாசு அளவ வெச்சு தொழில கலர் கலரா பிரிக்குது, தேங்கா நார் யூனிட்டு முன்னாடி வெள்ளை வகைல இருந்துது, 2021-ல பித் சம்பந்தப்பட்ட யூனிட்டுங்கள ஆரஞ்சுக்கு மாத்தினாங்க. வெள்ளைன்னா கன்சென்ட் (போர்டு அனுமதி) தேவையில்ல, ஆரஞ்சுன்னா கட்டறதுக்கு ஒரு கன்சென்ட், ஓட்டறதுக்கு ஒரு கன்சென்ட். ஒரே நாள்ல நம்ம தொழிலோட கலரு மாறிப் போச்சு.

கோவப்பட்டேன், இப்பவும் கொஞ்சம் இருக்குது. ஆனா மனசத் தொட்டுச் சொல்லோணும்னா, ஈசி (பித்துல இருக்கற உப்போட அளவு) குறையறதுக்காக பித்த திருப்பித் திருப்பி கழுவி விடற அந்த டீக்கலர் தண்ணி எங்க போகுதுன்னு நமக்குத் தெரியாதா? ஆழியாத்துத் தண்ணில மணக்கடவுல வருஷம் 7.25 டிஎம்சி கேரளாவுக்குக் குடுக்கோணும், பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) ஒப்பந்தம். அது போயி சேர்ற பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கந்தான் மாமா இருக்காரு, அவரு கெணத்துத் தண்ணியப் பத்தி பேச ஆரம்பிச்சா நான் காபிய பாதில வெச்சுட்டு எந்திரிச்சிடுவேன். பிளாச்சிமடையும் அந்தத் தாலூக்காதான். 2000-ல ஓட ஆரம்பிச்ச கோக் கம்பெனிக்கு 2003-ல பஞ்சாயத்து லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டேன்னுச்சு, 2004 மார்ச்ல மூடினாங்க. அவ்வளவு பெரிய கம்பெனிய ஒரு பஞ்சாயத்து நிறுத்தினது தண்ணிக்காகத்தான். நம்ம மில்லெல்லாம் எம்மாத்திரம்.

அதனால டேங்க்கு கட்டறத மத்ததோட ஒண்ணா வெச்சு "எது லாபம்"னு கேக்கறதே எனக்கு சரியாப் படல. சோலார் போடலைன்னா பில்லு கூட வரும், அவ்வளவுதான். தண்ணிய கவனிக்கலைன்னா ஒரு நாள் கரண்டயே கட் பண்ணுவாங்க, அப்பறம் கூரைல 50 கிலோவாட் இருந்து என்ன பண்றது? பித்த ஹாலந்துக்கு அனுப்பறவங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்குது, அங்க வாங்கறவன் ஆர்எச்பி சர்டிபிகேட் (அந்த ஊரு தரச் சான்று) இருக்கான்னு கேக்கறான், சுத்தமான களம், மண்ணு படாத ஸ்டாக், எத எங்க எப்பக் கழுவினோம்னு எழுதி வெச்ச ரெக்கார்டு இல்லாம அதுக்குப் பக்கத்துலயே போக முடியாது.

## மூணு பேருக்கும் நான் சொன்னது

மச்சானுக்கு: வயசு இருக்குது, தோப்பு அப்பன் பேர்ல, அடமானம் வெக்க மனசில்ல. எம்எஸ்இ கிஃப்ட்ல கேரண்டியோட லோன், அதுல மொதல்ல தண்ணி டேங்க்கும் பம்ப் செட்டும், மிச்சம் இருந்தா மோட்டாரு. கூடுதல் மானியத்துக்கும் அப்ளை பண்ணட்டும், ஆனா அந்தத் தொகைய எந்தக் கணக்குலயும் எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டேன், வந்தா கல்யாணச் செலவுக்கு ஆச்சு. சோலார் ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்.

நெகமத்து அண்ணனுக்கு: 44ஏடில இருந்துட்டு சோலார் வேண்டாம். மொதல்ல எனர்ஜி ஆடிட், முக்கால்வாசி திரும்பி வருது, மோட்டார மாத்துங்க, கெபாசிட்டர் பேங்க் சரியா இருக்கான்னு பாருங்க. முழுக் கணக்குக்கு மாறணுமான்னு ஆடிட்டர்கிட்ட கேளுங்க, ஆனா சோலாருக்காக மட்டும் மாறாதீங்க, 44ஏடிய விட்டு வெளிய வந்தா அஞ்சு வருஷத்துக்கு திரும்பி உள்ள போக முடியாது.

மாமாவுக்குத்தான் நேரம் எடுத்துது. நல்ல லாபம், முழு ஆடிட், 30% வரி, மில்லு பகல்ல மட்டும் ஓடுது, தூசி கிடையாது. சோலார் அவருக்குத்தான் கச்சிதமாப் பொருந்துது, மானியம் பின்னாடி போக வேண்டாம், தேய்மானமே போதும்னேன். "அப்ப மார்ச்ல போட்டுக்கலாம்"னாரு. மார்ச் இல்ல மாமா, அக்டோபர் 3-ம் தேதிக்குள்ள ஓட ஆரம்பிச்சாத்தான் 180 நாள் வரும், கம்பெனிக்காரன் செப்டம்பர்ல முடிக்கோணும்னா இப்பவே அட்வான்ஸ் குடுக்கோணும், கமிஷனிங் தேதி போட்ட பேப்பர் கையில வாங்கோணும்னு சொன்னேன். கேட்டுட்டு "சரி மாப்ள, ஆடி கழியட்டும்"னாரு.